வாசலில் சம்பங்கியா, கிறிஸ்துமஸ் மரமா? வேலூர் வெயிலுக்கு ஒரு கணக்கு

புது வீடு கட்டி முடித்ததும் காம்பவுண்டுச் சுவருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு மண் பட்டை மிஞ்சும். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் அரை கிரவுண்டு மனையில் எழும் வீடுகளுக்கெல்லாம் அநேகமாக இதே அளவு வாசல்தான். அங்கே என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களில் நிறையப் பேர் கடைசியில் இரண்டு பெயரில் வந்து நிற்கிறார்கள். பெரியவர்களுக்குச் சம்பங்கி வேண்டும். பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் மரம் வேண்டும். கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் இல்லை, டிசம்பரில் சீரியல் பல்பு சுற்ற ஆசைப்படாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

ஒன்று கிழங்கு வைத்துப் பூக்கும் செடி, இன்னொன்று பூவே பூக்காத ஊசியிலை மரம். இரண்டையும் ஒப்பிடுவதே பொருத்தமில்லை என்று தோன்றலாம். ஆனால் இருக்கும் இடம் ஒன்றுதான் என்றால் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழுந்து, வீட்டில் விடியற்காலையில் எழுந்து மண்ணில் கை வைக்கிற ஒருவர் இருந்தால் சம்பங்கி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஊசியிலை. அதிலும் மண்ணில் வைப்பதானால் தூஜா. கிறிஸ்துமஸ் மரம் என்று எல்லோரும் சொல்லும் அரோகேரியா தொட்டியோடு நிற்கட்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

அழகை வைத்து அல்ல. நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே எல்லாச் செடியும் அழகுதான். பார்க்க வேண்டியவை ஐந்து: வெயில், தண்ணீர், பத்து வருடம் கழித்துத் தேவைப்படும் இடம், வாரத்தில் எவ்வளவு நேரம் கேட்கும், தப்பாகப் போனால் திருத்த முடியுமா.

இதில் வெயிலுக்கே பாதி மார்க். வேலூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் வடக்குப் பார்த்த வாசலில் கத்திரி வெயில் சமயத்தில் வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது. கார்த்திகை, மார்கழியில் வீட்டின் நிழலே அங்கே படுத்துக் கிடக்கும். தெற்கு வாசலில் இது அப்படியே மாறும். கிழக்கு வாசலுக்குக் காலை வெயில் மட்டும். மேற்கு வாசல்தான் பெரிய சோதனை: மே மாதத்தில் 42, 43 டிகிரி என்பது வேலூருக்குப் புதிதல்ல, மதியத்துக்குமேல் சுவர் குடித்த சூடு ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகும் கையில் தெரியும். செடிக்குக் காற்றிலிருந்து ஒரு சூடு, சுவரிலிருந்து இன்னொரு சூடு.

மேப்பைப் பார்த்துத் திசை சொல்வதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாசலை போனில் படம் எடுத்துவிடுங்கள். எதிர்வீட்டு மாடி எத்தனை மணிக்கு வெயிலை மறைக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். காவிரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது. போர் தண்ணீர்தான் ஊற்றுவோம், அது பல தெருக்களில் உப்பு. அதோடு ஆர்.ஓ. மெஷினில் கழியும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அதையும் செடிக்கே பிடித்து ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் போர் தண்ணீரில் இருந்த உப்பு முழுக்க அந்தக் கழிவில்தான் சேர்கிறது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படை கட்டி, இலை நுனி கருகினால் உரக்குறை என்று நினைக்க வேண்டாம். மழை நாளில் தொட்டியை வெளியே இழுத்து வைத்து, அடி ஓட்டை வழியே நன்றாக ஓடவிட்டால் கொஞ்சம் கழுவிப் போகும். மண்ணில் இருக்கும் செடி தாங்கும், தொட்டியில் இருப்பது தாங்காது.

இந்த ஐந்துக்கும் முன்னால் மண்ணையும் பார்க்க வேண்டும். புது வீட்டு வாசல் மண் மண்ணே இல்லை. ஜல்லி, சிமெண்டுக் கட்டி, டைல்ஸ் துண்டு, எம்-சாண்ட். எதை வைத்தாலும் ஒன்றரை அடி தோண்டி அதை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்ப வேண்டும். இந்தச் செலவு இரண்டுக்கும் பொது.

## சம்பங்கி

மாலை கட்டும் வெள்ளைப் பூ, நிலச்சம்பங்கி. மெக்சிகோவிலிருந்து வந்த செடி, தாவரவியல்படி கற்றாழைக்குத் தூரத்துச் சொந்தம். அதனால்தான் இந்த வெயில் அதற்கு ஒரு பொருட்டில்லை. நிழல்தான் ஆகாது. நிழலில் வைத்தால் செத்துப்போகாது, அதுதான் சிக்கல். பச்சைப்பசேலென்று புல்லாக வளர்ந்து, வருடம் முழுக்கப் பூக்கும் பூக்கும் என்று நம்மைக் காக்க வைத்துவிடும்.

ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு என்று இரண்டு வகை. மாலைக்கும் தலைக்கும் உதிரியாகப் பறிப்பது ஒற்றை. தண்டோடு வெட்டி ஜாடியில் வைப்பது இரட்டை. பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒற்றையில் சிருங்கார், பிரஜ்வல் என்ற ரகங்களையும், இரட்டையில் சுவாசினி, வைபவ் என்ற ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. வீட்டுக்குப் பிரஜ்வல் நல்ல தேர்வு. பூ பெரிது, மொட்டில் லேசாக இளஞ்சிவப்பு ஓடும். வாசம் ஒற்றையில்தான் தூக்கலாக இருக்கும் என்பதால் வாசலுக்கு இரட்டையை நான் சொல்வதில்லை.

எத்தனை கிழங்கு வேண்டும்? வயலில் வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. விடுவார்கள். பத்தடி நீளம், மூன்றடி அகலப் பட்டைக்கு இந்தக் கணக்கில் முப்பது கிழங்கு பிடிக்கும். ஒரு கிழங்கு 25 முதல் 30 கிராம் இருக்க வேண்டும், ஆக ஒரு கிலோ போதும். சுண்டைக்காய் அளவுப் பொடிக்கிழங்கைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது பூவுக்கு வர நாளாகும். ஆனி, ஆடியில் நட்டால் மூன்று நான்கு மாதத்தில் முதல் தண்டு எழும்பும். பூ அடியிலிருந்து மேலாக, மாலைக்கு ஒன்றிரண்டு என்று விரியும். ஒரே தண்டு பல நாளைக்குப் பூ கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். பூத்த கிழங்கு ஒதுங்கிக்கொள்ள, அதைச் சுற்றி வந்த பக்கக் கிழங்குகள் அடுத்த தண்டை அனுப்பும். மூன்று வருடம் போனால் ஒரு குத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும், பூண்டு போல ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து சேர்ந்திருக்கும். எதற்கும் வளர இடம் இருக்காது, பூ சிறுத்துவிடும். அப்போது மொத்தத்தையும் தோண்டி, பிரித்து, பெரியதை மட்டும் திரும்ப நட வேண்டும். தோட்டக்காரர்கள் ஒரு நடவும், தோண்டாமல் அப்படியே விட்டு எடுக்கும் இரண்டு மறுதாம்புமாக மூன்று வருடத்தோடு முடித்துக்கொள்வது இதனால்தான்.

பூச்செலவு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். நல்ல வயலில் ஹெக்டேருக்கு வருடம் 14, 15 டன் எடுக்கிறார்கள். அதே விளைச்சல் நம் பட்டையில் கிடைத்தால்கூட வருடத்துக்கு நான்கு கிலோவைச் சுற்றித்தான் வரும். வீட்டில் பாதி வந்தாலே பெரிய விஷயம். சாமி படத்துக்குக் கிள்ளி வைக்க, வெள்ளிக்கிழமை ஒரு முழம் கட்ட ஆகும். மற்றபடி கடைப்பூதான்.

தொல்லைகள் சில உண்டு. முதல் எதிரி கோரை. சம்பங்கி இலையும் கோரையும் இளசில் ஒன்றுபோலவே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். மேலே பிடுங்கினால் போகாது, அடியில் இருக்கும் முத்தோடு எடுக்க வேண்டும். இரண்டாவது வேர்முடிச்சு நூற்புழு. இது பெரும்பாலும் வாங்கி வரும் கிழங்கோடும் மண்ணோடும்தான் வரும். சிருங்கார் ரகம் இதைக் கொஞ்சம் தாங்கும். நடும்போது வேப்பம் பிண்ணாக்கு, ஓரத்தில் நாலு துலுக்க சாமந்தி போட்டுவைத்தால் நூற்புழு அடங்கும். மூன்றாவது தண்ணீர் தேங்குவது. நம் பக்கம் ஆவணி, புரட்டாசியிலேயே நல்ல மழை பிடித்துவிடுகிறது, ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். பட்டையை அரை அடி மேடாக்கிவிட்டால் கிழங்கு அழுகாது. தினமும் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கஷ்டமான செடி. வெயில் காலத்தில்கூட மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாக நனைத்தால் போதும்.

பாம்பு வரும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பூ வாசத்துக்குப் பாம்பு வருவதில்லை. எலியும் தவளையும் மறைவும் இருந்தால் வரும். அந்தக் கணக்கில், தரையோடு தரையாக அடர்ந்து நிற்கும் தூஜாவைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

## அரோகேரியா

தட்டுத் தட்டாகக் கிளை விட்டு, கோபுரம்போல நிற்பது. நர்சரிகளில் நார்ஃபோக் தீவு மரம் என்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுக்கடலில் உள்ள சின்னத் தீவு அது. நம் பக்கம் வளர்ந்து நிற்பவற்றில் பல, அதன் நெருங்கிய உறவான நியூ கலிடோனியாவின் குக் பைன். சிறு வயதில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டுமே கடல் காற்றுக்குப் பழகியவை. வேலூரின் வறண்ட அனல் இவற்றுக்குப் புதிது.

வாங்கும்போதுதான் பாதித் தவறு நடக்கிறது. ஒரு நர்சரியில் காதில் விழுந்த பேச்சு:

"தம்பி, இது எவ்ளோ அடர்த்தியா இருக்கு பாரு. இதையே குடு."

"அக்கா, அதுல மூணு செடி இருக்குக்கா. வளர வளர ஒண்ணை ஒண்ணு தள்ளும். இந்த ஒத்தைச் செடியை எடுத்துக்கோங்க, இப்ப மெலிசா தெரிஞ்சாலும் நிக்கும்."

அந்தத் தம்பி சொன்னதுதான் சரி. பெரும்பாலும் விற்கும் ஆசையில் இதைச் சொல்லமாட்டார்கள். அடித்தண்டைப் பாருங்கள். ஒரே தண்டு, அதன் உச்சியில் உடையாத ஒரே குருத்து. உச்சி உடைந்த செடியை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மா, கொய்யா மாதிரி இது இல்லை. பக்கக்கிளை எழுந்து நடுத்தண்டாக மாறாது. பக்கக்கிளையை வெட்டி நட்டால்கூட அது பக்கவாட்டிலேயே படர்ந்து வளரும், கோபுரமாகாது. கீழ்த்தட்டுக் கிளை ஒன்று காய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் மறுபடி வராது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா முடிவும் எளிது: இந்த மரத்தில் நடந்த தவறு அப்படியே பல வருடம் நிற்கும்.

மேற்கு வாசலில் மண்ணில் வைத்தால் முதல் கோடையிலேயே கீழ்த்தட்டு பழுப்பாகும். மூன்றாவது கோடையில் பார்த்தால் அடியில் மொட்டைக் கம்பு, மேலே குடை. கிழக்கு வாசலில், சுவரிலிருந்து தள்ளி வைத்தால் பிழைத்துக்கொள்ளும். பிழைத்தால்தான் அடுத்த கவலை. சொந்த ஊரில் 50 மீட்டரைத் தாண்டும் மரம் இது. நம் ஊரில் அவ்வளவு போகாது என்றாலும், பெங்களூரு லால்பாக்கில் மற்ற மரங்களின் தலைக்குமேல் நிற்பதை அண்ணாந்து பார்த்தவர்கள் அரை கிரவுண்டு வீட்டு வாசலில் இதை நடமாட்டார்கள். தெருவில் மின்கம்பி போகிறது, மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அடுத்த வீட்டு பால்கனி நான்கடியில் இருக்கிறது.

குக் பைன் சாய்ந்து வளர்வதைப் பற்றி 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. ஐந்து கண்டங்களில் அளந்ததில் மரங்கள் சராசரியாக எட்டரை டிகிரி, நிலநடுக்கோட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. பூமியின் வடபாதியில் இருக்கும் நமக்குத் தெற்குப் பக்கம், ஆஸ்திரேலியாவில் வடக்குப் பக்கம். நடுக்கோட்டுக்குத் தூரம் போகப்போகச் சாய்வு கூடுகிறது, ஆக வேலூரில் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் "நேராத்தான் நட்டேன், எப்படி சாஞ்சது" என்று குழம்புகிறவர்களுக்கு இது ஆறுதல். மரத்தின் சுபாவம் அது.

தொட்டியில் கதை வேறு. வேருக்கு இடம் குறைவதால் நிதானமாக வளரும், பாதி நிழலைப் பொறுத்துக்கொள்ளும், வெயில் ஏறும் மாதங்களில் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். டிசம்பரில் ஹாலுக்கு வரும், பல்பு சுற்றலாம். கனமான பொம்மைகளைக் கிளை நுனியில் தொங்கவிடாதீர்கள், வளைந்த கிளை அப்படியே நின்றுவிடும். விலை அடியைப் பொறுத்தும் தட்டைப் பொறுத்தும் ஏறும், கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க இன்னும் ஏறும். ஆடியிலோ ஆவணியிலோ வாங்கிவிட்டால் காசும் மிச்சம், செடியும் வீட்டுக்குப் பழகியிருக்கும்.

## தூஜா

விசிறி விசிறியாக இலை நிற்கும் பச்சைக் கூம்பு. சீனப் பக்கத்திலிருந்து வந்தது. ஊசியிலைகளில் வேலூர் வெயிலுக்கு ஒத்துப்போவது இதுதான். 45 டிகிரியைத் தொடும் டெல்லியிலேயே பார்க்கிற பூங்காவிலெல்லாம் இருக்கிறது என்றால், நம் ஊர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. பொன்பச்சையில் குட்டை வகையும் உண்டு, அது ஆளுயரத்தோடு நின்றுவிடும். மூன்றடிப் பட்டைக்கு அதுதான் பொருத்தம்.

குறை என்னவென்றால், வெளியே பச்சை, உள்ளே பழுப்பு. கிளையை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். நான்கு விரல் ஆழத்துக்கு அப்பால் காய்ந்த சருகுதான், அதில் சிலந்தி வலையும் எறும்பும். அது நோயில்லை, இயல்பு. ஆனால் கத்தரிப்பவர் அந்தப் பழுப்பு வரை வெட்டிவிட்டால் அங்கே மறுபடி துளிர்க்காது, ஓட்டை நிரந்தரம். வேலிச்செடி வெட்டிப் பழகிய கை இங்கே ஆபத்து. பச்சை நுனியை மட்டும், வருடத்தில் ஒன்றிரண்டு முறை. வறண்ட கோடையில் செஞ்சிலந்தி பிடித்தால் இலை மங்கி தூசு படிந்தாற்போல் தெரியும். ஹோஸ் பைப்பை அழுத்திப் பிடித்து வாரம் ஒருமுறை குளிப்பாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மழையில் அடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், சம்பங்கியைப்போலவே இதற்கும் மேடு தேவை.

இன்னொரு ஊசியிலையையும் சொல்லிவிடுகிறேன், எச்சரிக்கைக்காக. எலுமிச்சை நிறத்தில், தொட்டால் எலுமிச்சை வாசம் வீசும் கோல்டன் சைப்ரஸ். ஊட்டிக்குப் போய் வரும்போது ஆசைப்பட்டு காரில் தூக்கிவருகிறார்கள். வேலூரின் ஒரு மே மாதம் அதற்குப் போதும்.

## ஒரே பார்வையில்

| | சம்பங்கி | அரோகேரியா, தொட்டியில் | தூஜா, மண்ணில் |
|---|---|---|---|
| நேர் வெயில் | ஆறு மணி நேரம் கட்டாயம் | காலை வெயில் போதும் | வெயில் நல்லது, அரை நாள் நிழல் பரவாயில்லை |
| மேற்கு வாசல் | சரி | வேண்டாம் | சரி, சுவரிலிருந்து தள்ளி |
| கோடையில் தண்ணீர் | மூன்று நாளுக்கு ஒருமுறை | மேல்மண் காய்ந்ததும் | முதல் இரண்டு கோடை கவனமாக, பிறகு குறைவு |
| பத்து வருடம் கழித்து | அதே பட்டை | பெரிய தொட்டி, தூக்க இரண்டு ஆள் | குட்டை வகை ஆளுயரம் |
| கை வேலை | பறிப்பு, களை, மூன்று வருடத்துக்கு ஒரு தோண்டல் | மிகக் குறைவு | வருடம் ஒன்றிரண்டு கத்தரிப்பு |
| தவறு நடந்தால் | தோண்டித் திரும்ப நடலாம் | திருத்த முடியாது | பாதி திருத்தலாம் |
| முதல் பலன் | மூன்று, நான்கு மாதம் | வாங்கிய அன்றே | வாங்கிய அன்றே |
| வீடு மாறினால் | கிழங்கைப் பையில் போட்டு எடுத்துப் போகலாம் | தொட்டியோடு | விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் |

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

சம்பங்கியின் செலவு சில்லறையாகப் போகும், அதிலும் பெரும்பகுதி காசல்ல, நேரம். வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும், பத்து மணிக்குப் பறித்த பூ மாலைக்குள் துவளும். ஊருக்குப் போனால் பறிக்க ஆள் வேண்டும். காம்பவுண்டு குட்டையாக இருந்தால் கவலையே வேண்டாம், அதிகாலை நடைக்குப் போகிறவர்கள் உங்களுக்கு முன்பே பறித்திருப்பார்கள். பூத்து முடிந்த தண்டை அடியோடு நறுக்கிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் பட்டை முழுக்கக் காய்ந்த குச்சியாக நிற்கும். அப்புறம் வாசம். இரவில்தான் அது கூடும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே போட்டுவிட்டுத் தலைவலி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் இருந்தால் பட்டையின் மறு கோடியில் நடுங்கள்.

ஊசியிலை வருடக்கணக்கில் எதுவும் கேட்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் மொத்தமாகக் கேட்கும். மண்ணில் வைத்த அரோகேரியா மாடியைத் தாண்டிய பிறகு அகற்ற வேண்டி வந்தால், மேலே ஏறித் துண்டு துண்டாக இறக்க ஆள், லைனை நிறுத்தச் சொல்லி மின்வாரியத்துக்கு அலைச்சல், வெட்டியதை ஏற்றிப்போக வண்டி. குறுகலான தெருவில் கிரேன் நுழையாது. அதுவரை உதிரும் இலையும் சாதாரணமில்லை. ஒற்றை இலையாக உதிராது, சடை சடையாக விழுந்து மாடித் தண்ணீர்க் குழாயை அடைக்கும். மக்கவும் நாளாகும்.

தொட்டிக்குச் செலவே இல்லை என்பதும் உண்மையல்ல. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெரிய தொட்டி, புது மண்கலவை. சிமெண்டுத் தொட்டியை ஒருமுறை வைத்தால் நகர்த்த முடியாது, பிளாஸ்டிக் தொட்டி நம் வெயிலில் வெடித்துவிடும். அடியில் சக்கரப்பலகை ஒன்று முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது.

## யாருக்கு எது

வாடகை வீடு என்றால் யோசிக்காமல் சம்பங்கி, அதுவும் வளர்ப்புப் பையில். வெயில் விழும் மாடி ஓரம் இருந்தால் போதும். காலி செய்யும்போது கிழங்கை எடுத்துக்கொண்டு மண்ணைக் கொட்டிவிட்டுப் போகலாம்.

கணவன் மனைவி இருவரும் காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்கு தூஜா. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சம்பங்கி என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும். ஆனால் குனிந்து களை எடுக்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். முடியாது என்றால் பட்டையில் தூஜாவும், திண்ணை உயரத்தில் இரண்டு தொட்டிச் சம்பங்கியும் போதும்.

வருடத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும் வீடு? மூன்றுமே வேண்டாம், அரளி வையுங்கள். சிறு குழந்தை இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும், அரளி முழுக்க விஷம்.

கணியம்பாடி, அணைக்கட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்கிறவர்களும் உண்டு. அவர்கள் ஊசியிலை என்று மனதில் வைத்திருப்பது சவுக்கு. சவுக்கு பார்க்கத்தான் ஊசியிலை, உண்மையில் பூக்கும் மரம். ஊசி என்று நாம் நினைப்பது கணுக்கணுவான மெல்லிய குச்சி, இலை கண்ணுக்குத் தெரியாத செதிலாகக் கணுவில் ஒட்டியிருக்கும். தென்னிந்தியக் காட்டுக்கே சொந்தமான ஊசியிலை இன மரம் ஒன்றே ஒன்றுதான், அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் இருக்கிறது, அதற்கும் இலை அகலம். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் பார்க்கும் ஊசியிலைகள் எல்லாம் மனிதர் கொண்டுபோய் வைத்தவை. நிலத்தில் சம்பங்கியா சவுக்கா என்பது ஆள் கிடைப்பதையும் பூ மார்க்கெட் தூரத்தையும் பொறுத்தது. விடியுமுன் பறிக்க ஆள் கிடைக்காத ஊரில் சம்பங்கிப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

## இரண்டும் வேண்டும் என்றால்

முடியும். நீளவாக்கில் பத்தடி இருந்தால் ஒரு கோடியில் குட்டைத் தூஜா ஒன்று, மீதி ஏழடியில் சம்பங்கி. எந்தக் கோடி என்பதுதான் முக்கியம். பட்டை தெற்கு வடக்காகப் போனால் தூஜா வடக்குக் கோடியில் இருக்கட்டும். வருடத்தின் பெரும்பகுதி அதன் நிழல் வடக்கே, சுவர் மீதோ அடுத்த மனை மீதோ விழுந்துவிடும். தெற்குக் கோடியில் வைத்தால் மழைக்காலம் முழுக்கச் சம்பங்கி மீதுதான் நிழல். பட்டை கிழக்கு மேற்காகப் போனால் மேற்குக் கோடி, காலை வெயில் தடையில்லாமல் பூச்செடிக்குக் கிடைக்கும்.

நடும் நேரத்தை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். தூஜாவை ஆடி மழையோடு நட்டால் அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துவிடும். சம்பங்கிக் கிழங்கை அதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி வையுங்கள். அப்போதுதான் தோண்டிய கிழங்கு உடனே முளைக்காது, ஒரு மாதம் ஓய்வு வேண்டும். மண்ணை உதிர்த்து, காய்ந்த வேரைக் கிள்ளிவிட்டு, வெயில் படாத இடத்தில் சாக்கின்மேல் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். வாரம் ஒருமுறை புரட்டிப்போட்டு, அமுக்கினால் மெத்தென்று இருப்பதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.